பெரியம்மாவின் வெந்நீர்

மார்கழி மாதத்து அதிகாலையில் வடகடலிலிருந்து எழும் வாடைக்காற்று, பருத்தித்துறையைக் கடந்து நெல்லியடிக்கு வந்து சேரும்போது முதியோரின் முழங்கால்களையே முதலில் தேடிப் பிடிக்கும். குளிர்நாட்டில் வாழ்வோர் இதனைக் குளிர் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நமது குடாநாட்டின் வெப்பமானி அத்தகைய வைகறையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் கிணற்றடியில் நின்று முதல் வாளியைத் தலைக்குமேல் உயர்த்தும் அந்தக் கணத்தில், வெப்பமானியின் சாட்சியம் அவருக்கு ஒரு பயனும் தருவதில்லை.

எனது பெரியம்மா அத்தகைய ஒருவர். பிள்ளைப்பேற்று வீடுகளில் நொச்சியிலையும் வேப்பிலையும் இட்டுக் காய்ச்சிய நீரைக் கிடாரத்திலிருந்து மொண்டு வார்த்து, எத்தனையோ தாய்மாரைத் தேற்றிய கை அவருடையது. தமக்கென்று வெந்நீர் காய்ச்சுவதை மாத்திரம் அவர் ஆடம்பரம் என்றே கருதிவந்தார். கிணற்றடிப் பாசியில் ஒருநாள் கால் சறுக்கி விழுந்த பின்னரே, வீட்டினுள்ளே குளியலறையும் அதில் வெந்நீரும் வேண்டும் என்ற பிள்ளைகளின் மன்றாட்டத்துக்கு இணங்கினார். இலண்டனில் வாழும் அவருடைய மகன், எனக்குத் தம்பி முறையானவர், பணம் அனுப்பினார். மேற்பார்வை என் தலையில் விழுந்தது. கண்ணாடிக் குழல்களும் அவற்றின்மேல் உருண்டைத் தாங்கியுமாகச் சூரிய வெந்நீர்க் கருவியொன்று கூரையேறியது.

பூட்டிய முதல் வாரத்திலேயே இரண்டு கோளாறுகள் தோன்றின. ஒன்று சிரிப்புக்குரியது, மற்றையது உயிரோடு விளையாடியது. குடாநாட்டில் ஊருக்கு ஊர் இத்தகைய கருவிகள் கூரையேறி வருகின்றமையால், அவ்விரண்டையும், அவற்றினால் யான் கற்றுக்கொண்டவற்றையும் இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

மின்சாரம் இருக்கச் சூரியன் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நூறு லீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 50 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ இரண்டரை அலகு மின்சாரம் செலவாகும். 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்றதையும், அதன்பின் கட்டணம் ஏறிய ஏற்றத்தையும் கண்டவர்கள் இக்கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை.

கிணற்றிலிருந்து தாங்கிக்கு

வெந்நீரின் கதை கூரையில் தொடங்குவதன்று; கிணற்றில் தொடங்குவது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத நமது குடாநாட்டில், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழையே சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரை ஆராய்ந்தோர் கண்ட விதி. இலாபமாகத் தோன்றும் இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சமே உண்டாகும். மேலே ஓர் அடியை இறைத்துத் தாழ்த்தினால், கீழிருந்து உவர் 40 அடி எழுந்துவர இடமுண்டு. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அறிந்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்தன. 1990களின் போர்க்காலத்தில் மின்சாரமும் எண்ணெயும் அற்றுப்போன வேளையில் துலாவும் கப்பியும் மீண்டும் உயிர்பெற்றன. இன்றோ ஆளியைத் தட்டினால் தாங்கி நிறைகின்றது. நிறைந்த தாங்கி வழிந்தோடும்போது அதைக் கவனிப்பாரில்லை. ஆதலால் முதலில் வேண்டுவது, தாங்கி நிரம்பியவுடன் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் மிதவை ஆளி. வெந்நீருக்கென்று வீட்டுக்குள் குழாய் இழுப்போர் இச்சிறு செலவைத் தவிர்த்தல் கூடாது.

கிணற்றின் மேலே வைக்கப்படும் மின்பம்பு நீரை இழுக்கின்றது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது குழாயினுள் அமுக்கத்தைக் குறைக்கின்றது. வெளியிலுள்ள காற்றின் அமுக்கமே நீரை மேலே தள்ளுகின்றது. அத்தள்ளலின் எல்லை ஏறத்தாழ 33 அடி. நடைமுறையில் 25 அடிக்கு மேல் நம்புதல் தகாது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பம்பு வெறுமனே உறுமுவதற்கு இதுவும் ஒரு காரணம். குழாயின் அடியிலுள்ள வால்வில் மணல் சிக்கி நீர் வழிந்து போவது மற்றொரு காரணம்.

இனித் தாங்கியின் உயரம். தாங்கியின் நீர்மட்டத்துக்கும் குளியலறைக் குழாய்க்கும் இடையிலுள்ள உயரமே நமக்குக் கிடைக்கும் அமுக்கம். ஓர் அடி உயரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 0.43 இறாத்தல் வீதம், பத்தடி உயரத்துக்கு 4.3 இறாத்தல் மாத்திரமே கிடைக்கும். இலண்டன் வீடுகளில் வீதிக்குழாயிலிருந்து வரும் நீருக்கு இதனிலும் பல மடங்கு அமுக்கம் உண்டு. அங்கிருந்து வரும் படங்களைப் பார்த்து இங்கே பூந்தூறல் குழாய் பூட்டுவோர் ஏமாற்றமடைவதன் இரகசியம் இதுவே. நமது அமுக்கம் சிறிது. ஆகவே குழாயில் நாம் விடும் ஒவ்வொரு பிழையும் பெரிது.

தானே ஏறும் நீர்

சூடேறிய நீர் விரிந்து இலேசாகி மேலெழும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும். உலைப்பானையில் அரிசி சுழல்வதைக் கண்ட எவருக்கும் இது புதிதன்று. சூரியக் கருவியில் நடப்பதும் அதுவே. வெயிலில் குழலினுள் உள்ள நீர் சுட்டு மேலேயுள்ள தாங்கிக்கு ஏறுகின்றது. தாங்கியின் அடியிலுள்ள குளிர்நீர் அதன் இடத்துக்கு இறங்குகின்றது. பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை.

இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1767ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து அறிஞர் த சோசூர் என்பவர், கண்ணாடி மூடிய பெட்டியினுள் வெயிலைச் சிறைப்பிடித்து, நீர் கொதிக்கும் வெப்பத்தையும் மிஞ்சிய வெப்பத்தை உண்டாக்கிக் காட்டினார். 1891இல் அமெரிக்காவில் கிளாரென்ஸ் கெம்ப் என்பவர் சூரிய வெந்நீர்க் கருவிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவருடைய கருவியில் நீர் பகலில் சுடும், இரவில் ஆறிவிடும். 1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவரே வெயில் காயும் பகுதியையும் நீரைச் சேமிக்கும் தாங்கியையும் வேறாக்கி, தாங்கியை மேலே வைத்து, வெப்பம் வெளியேறாதபடி அதனைப் போர்த்தார். இன்று நெல்லியடிக் கூரைமேல் இருப்பது அவருடைய எண்ணத்தின் வழித்தோன்றலே.

தட்டைப் பலகை வடிவில் அமைந்த கருவியை வாங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. தாங்கியின் அடி, பலகையின் உச்சியிலிருந்து ஓர் அடி முதல் இரண்டு அடி வரை உயர்ந்திருத்தல் வேண்டும். அவ்வுயரம் இல்லையேல், இரவில் பலகை குளிரும்போது சுற்று எதிர்த்திசையில் ஓடி, பகலில் சேமித்த சூட்டை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

தம்பி தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். இலண்டனில் அவருடைய வீடு முழுவதையும் மாரியில் சூடாக்குவதும் நீர்தானாம். எரிவாயுக் கொதிகலனில் சுட்ட நீர் ஒரு குழாயால் சென்று, அறைதோறும் சுவரோரம் நிற்கும் இரும்புப் பலகைகளில் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு, மறு குழாயால் கொதிகலனுக்குத் திரும்புகின்றது. பழைய வீடுகளில் அது பெருங்குழாய்களினூடே தானாகவே சுற்றியது. இன்று சிறு பம்பொன்று சுற்றுகின்றது. நம் பெரியம்மாவின் கூரையிலும் அவருடைய மகனின் சுவரிலும் ஒரே விதி வேலை செய்கின்றது என்பதை அறிந்தபோது எனக்கு ஒருவித மகிழ்ச்சி உண்டாயிற்று.

சிரிப்புக்குரிய கோளாறு

முதல் மூன்று நாளும் வெந்நீர் வந்தது. நான்காம் நாள் நூல்போல் ஒழுகியது. ஐந்தாம் நாள் நின்றேவிட்டது. கூரையில் தாங்கி நிறையச் சுடுநீர். கீழே குழாயில் ஒரு சொட்டும் இல்லை. "தம்பி, சூரியனுக்கும் எங்களோடை கோபமோ?" என்று பெரியம்மா கேட்டார்.

அடைப்பு எங்கே என்று குழாயை வெட்டிப் பார்க்கவும் ஆயத்தமானோம். இலண்டன் தம்பிக்குக் கைபேசியின் காட்சி வழியாகக் குழாய் சென்ற பாதையைக் காட்டினேன். அவர் பார்த்துச் சிரித்தார். கூரையிலிருந்து இறங்கிய குழாய், சுவரை அழகாகக் காட்டவேண்டி, கதவு நிலைக்கு மேலாக ஏறி வளைந்து, பின்னர் குளியலறைக்கு இறங்கியிருந்தது. "அண்ணை, அந்த மேட்டிலைதான் காத்து நிக்குது" என்றார்.

நீரில் எப்போதும் சிறிது காற்று கரைந்திருக்கும். நீர் சுடும்போது அக்காற்று பிரிந்து குமிழியாகும். குமிழி மேட்டைத் தேடிச் சென்று தங்கும். நாளடைவில் மேட்டில் ஒரு காற்றுக்கட்டி அமைந்துவிடும். வீதிக்குழாயின் பேரமுக்கம் இருப்பின் அதனைத் தள்ளிவிடும். நமது நான்கு இறாத்தல் அமுக்கத்தால் அது இயலாது. இலண்டனில் மாரி தொடங்கும் முன் ஒவ்வோர் இரும்புப் பலகையின் உச்சியிலுமுள்ள சிறு திருகைத் திறந்து காற்றை வெளிவிடுவது தம்பியின் ஆண்டுக் கடமையாம்.

பரிகாரம் இரண்டு. உடனடிப் பரிகாரமாக, கிணற்றுப் பம்பிலிருந்து இறப்பர்க் குழாயொன்றை எடுத்துக் குளியலறைக் குழாயின் வாயில் இறுக்கிப் பிடித்து, நீரைப் பின்புறமாகச் செலுத்தினோம். காற்று கூரைக்கு ஏறி வெளியேறிற்று; வெந்நீர் வந்தது. நிலையான பரிகாரமாகக் குழாயின் பாதையை மாற்றினோம். தாங்கியிலிருந்து புறப்படும் குழாய் சற்றும் மேலேறாமல் இறக்கமாகவே வருமாயின், பிரியும் காற்று பின்னோக்கி ஏறித் தாங்கிக்கே போய்விடும். மேடு தவிர்க்க முடியாத இடத்தில், அம்மேட்டிலிருந்து ஒரு சிறு குழாயைத் தாங்கியின் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தித் திறந்துவிடல் வேண்டும்.

குழாயின் பருமனையும் இங்கே சொல்லிவிடுகின்றேன். ஓர் அங்குலக் குழாய் 30 அடி நீளத்தில் நாலரை லீற்றர் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். அந்த ஆறிய நீர் முழுவதும் ஓடிய பின்னரே சுடுநீர் முகம் காட்டும். அரை அங்குலக் குழாயில் அதே நீளத்துக்கு ஒரு லீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீரே நிற்கும். ஆனால் சிறு அமுக்கத்தில் அதன் ஓட்டம் மெலியும். ஆதலால் தாங்கியிலிருந்து முக்கால் அங்குலமும், கடைசிக் கிளைக்கு அரை அங்குலமும் என்பது நடுவழி. எல்லாவற்றிலும் மேலான வழி, குளியலறையைக் கருவிக்கு நேர் கீழே அமைப்பதே.

உயிரோடு விளையாடிய கோளாறு

கூரையிலுள்ள உருண்டைத் தாங்கியின் உச்சியிலிருந்து ஒரு சிறு குழாய் வானோக்கி நின்றது. அதன் வாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. ஓடு நனைகின்றது, நீர் வீணாகின்றது என்று முறையிட்டோம். வேலைக்கு வந்தவர் குளிர்நீர் வரும் குழாயின் வால்வைப் பூட்டினார்; சொட்டிய குழாயின் வாயை மூடியிட்டு இறுக்கினார்; மறுநாள் வந்து மிகுதியைப் பார்ப்பதாகச் சொல்லிச் சென்றார். சொட்டு நின்றது. நாங்கள் மகிழ்ந்தோம்.

அன்று மாலை வழமைபோல் தம்பி அழைத்தார். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு கணம் பேச்சில்லை. பின்னர், "அண்ணை, விடியமுன்னம் அந்த மூடியைக் கழட்டுங்கோ. வெயில் ஏற விடாதேங்கோ" என்றார்.

அக்குழாய்க்கு மூச்சுக்குழாய் என்று பெயரிடுதல் பொருத்தம். 28 பாகையிலுள்ள நீரை 80 பாகைக்குச் சுடவைத்தால் அது நூற்றுக்கு இரண்டரைப் பங்கு விரியும். 200 லீற்றர்த் தாங்கியில் இது 5 லீற்றர். விரியும் நீர் போவதற்கு இரண்டு வழிகளே உண்டு: ஒன்று மூச்சுக்குழாய், மற்றது குளிர்நீர் வந்த வழி. எங்கள் வீட்டில் அன்று இரண்டும் அடைபட்டிருந்தன. நீரை அமுக்கிச் சிறிதாக்க எவராலும் இயலாது. ஆகவே தகடுதான் வழிவிட வேண்டும். மேலும் கொதித்து ஆவியாகினால், நீர் தன் பருமனைப் போல் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். மின்சாரக் கருவியாயின் ஆளியை அணைக்கலாம். சூரியனுக்கு ஆளி இல்லை. அடுத்த நாள் வெயில் ஏறியிருந்தால், பெரியம்மா நீராடும் அறையின் கூரைமேல் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை இன்றும் எண்ணிப்பார்க்க விரும்புகின்றேனில்லை. இதற்கு மாறாக, மூச்சுக்குழாய் மூடியிருக்கையில் நீரை வெளியே எடுத்தால், உள்ளே காற்றுப் புகாமல் மெல்லிய தாங்கி நசுங்கிப்போவதும் உண்டு.

அவ்வாறாயின் நீர் சொட்டியது ஏன்? மூச்சுக்குழாயின் வாய், பக்கத்திலிருந்த குளிர்நீர்த் தாங்கியின் மட்டத்துக்குப் போதிய அளவு மேலே இருக்கவில்லை. நீர் தன் மட்டத்தைத் தானே தேடும். அதற்கும் மேலாக, சுடுநீர் இலேசானபடியால், அதன் மட்டம் குளிர்நீரின் மட்டத்தைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். ஆங்கிலேய குழாய் வேலையாளரிடையே இதற்கொரு பழைய கணக்கு உண்டு. குளிர்நீர் மட்டத்துக்கு மேலே ஆறு அங்குலம். அதனோடு, அம்மட்டத்துக்கும் வெந்நீர்த் தாங்கிக்குக் குளிர்நீர் நுழையும் இடத்துக்கும் இடையிலுள்ள ஒவ்வோர் அடி உயரத்துக்கும் அரை அங்குலம். எங்கள் வீட்டில் அவ்வுயரம் ஆறு அடி. ஆகவே மூச்சுக்குழாய் குளிர்நீர் மட்டத்துக்கு மேலே ஒன்பது அங்குலமாவது நிற்க வேண்டும். இரண்டு அடிக் குழாயைச் சேர்த்து, வாயைக் கீழ்நோக்கி வளைத்து, பறவை கூடு கட்டாதபடி வலை கட்டினோம். சொட்டும் நின்றது, மூச்சும் நிற்கவில்லை.

மூச்சுக்குழாயில் எக்காரணம் கொண்டும் வால்வோ மூடியோ பூட்டுதல் ஆகாது. மூச்சுக்குழாய் இன்றி, உயர்ந்த அமுக்கத்தில் இயங்கும் மூடிய தாங்கியாயின், அமுக்கம் மிகும்போது தானே திறக்கும் காப்பு வால்வு கட்டாயம் வேண்டும். அதனையும் இடையிடையே திறந்து சோதித்தல் வேண்டும்.

சுண்ணாம்பின் கணக்கு

நமது கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறிய நீர். கேத்தலின் உட்புறத்தில் வெள்ளைப் படை படிவதைக் காணாத இல்லத்தரசி யாழ்ப்பாணத்தில் இரார். நீர் சுடும்போது, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு கரியமிலவாயுவை விட்டுப் பிரிந்து கல்லாகப் படிகின்றது. வெப்பம் மிக மிகப் படிவும் மிகும். கேத்தலில் படிவது கருவியின் குழல்களிலும் படியும். அப்படை வெப்பத்தைத் தடுக்கும். நாளடைவில் குழாயின் வாயையும் குறுக்கும்.

இலண்டனிலும் சுண்ணாம்பு மிகுந்த நீரே வருகின்றது. ஆயினும் தம்பியின் வீட்டை வெதுவெதுப்பாக்கும் குழாய்கள் ஆண்டுக்கணக்காக அடைபடாதிருப்பது எங்ஙனம்? அங்கே ஒரே நீரே மீண்டும் மீண்டும் சுற்றுகின்றது. அது தன்னிடமிருந்த சுண்ணாம்பை ஒருமுறை இட்டுவிட்டால் பின்னர் இடுவதற்கு ஒன்றுமில்லை. நமது கருவியிலோ நாள்தோறும் புதிய நீர் புதிய சுண்ணாம்போடு வருகின்றது. சில கருவிகளில் வெயிலில் காயும் நீர் தனிச் சுற்றாகவும், நாம் நீராடும் நீர் அதனால் சூடேறும் வேறு நீராகவும் அமைக்கப்பட்டிருக்கும். விலை கூடுதலாயினும், கடுநீர் உள்ள ஊர்களுக்கு அதுவே ஏற்றது. சாதாரண கருவி வைத்திருப்போர் ஆண்டுக்கொருமுறை தாங்கியைக் கழுவிச் சுண்ணாம்பை அகற்றுவது நன்று. அவ்வாறு வெறுமையாக்கிய கண்ணாடிக் குழல்களை நண்பகலில் குளிர்நீரால் நிரப்புதல் கூடாது. சூடேறிய கண்ணாடி வெடித்துவிடும். விடியற்காலையே அதற்குரிய வேளை.

குழாயின் வகையிலும் கவனம் தேவை. குளிர்நீருக்குப் பூட்டும் சாதாரண பி.வி.சி. குழாய் 60 பாகைச் சூட்டில் இளகித் தொய்யும். வெந்நீருக்கென்றே செய்யப்பட்ட சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். குழாயோ, செப்புக் குழாயோ வேண்டும். செம்பையும் நாகம் பூசிய இரும்பையும் நேராக இணைத்தால் இரும்பு விரைவில் அரிக்கும். வெயில் காயும் இடத்திலுள்ள குழாய்க்கும் சூடு போகாத உறை அணிவித்தல் வேண்டும்.

வெந்நீரும் குடிநீரும்

சுட்ட நீர்தானே என்று கருவியின் நீரைக் குடிப்பதற்கும் பாற்போத்தலுக்கும் எடுக்கும் வழக்கம் சில வீடுகளில் தலைகாட்டுகின்றது. இது தவறு. வெங்காயத் தோட்டங்களுக்கும் புகையிலைத் தோட்டங்களுக்கும் இடும் உரமும், கிணற்றுக்கு அண்மையில் அமைந்த மலக்குழிகளும் நமது நிலத்தடி நீரில் நைத்திரேற்றைச் சேர்த்துள்ளன. உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் பல கிணறுகள் இவ்வெல்லையைத் தாண்டியுள்ளன. கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்று சாகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடும். குழந்தை பிறந்த வீட்டார் தம் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்த பின்னரே பாலில் கலத்தல் வேண்டும். 2024ஆம் ஆண்டில் வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டமைக்குப் பின்னால் இத்தகைய கவலைகளும் உள்ளன. கடல்நீரைக் குடிநீராக்கும் செலவை எண்ணிப் பார்ப்போர் தம் முற்றத்துக் கிணற்றின் பெறுமதியை உணர்வர்.

வெப்பத்தின் அளவிலும் ஓர் இக்கட்டு உண்டு. வெதுவெதுப்பாகவே தேங்கி நிற்கும் நீரில் சில கிருமிகள் பெருகும். ஆகையால் தாங்கி 60 பாகைவரை சுடுதல் நல்லது. ஆனால் 60 பாகை நீர் பட்டால் சில விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும். முதியோருக்கும் குழந்தைக்கும் இன்னும் விரைவில். ஆதலால் சுடுநீரையும் தண்ணீரையும் கலந்து தரும் வால்வைக் குளியலறையில் பூட்டுவது காசுக்குக் கேடன்று. அது இல்லாத வீட்டில், வாளியில் முதலில் தண்ணீர், பின்னரே சுடுநீர்; இந்த வரிசையைப் பிள்ளைகளுக்குப் பழக்குதல் வேண்டும்.

கடைசியாக ஒன்று. கிணற்றடியில் தோய்ந்த காலத்தில் நாம் வார்த்த நீர் வாய்க்கால் வழியே ஓடி வாழைக்கும் தென்னைக்கும் சென்றது. குளியலறை வீட்டினுள் வந்ததும் அந்நீர் குழிக்குள் போய் மறைகின்றது. பெரியம்மா இதற்கு மாத்திரம் இணங்கவில்லை. "வாழை என்ன பாவம் செய்தது?" என்று அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. குளியலறையின் கழிநீர்க் குழாயைச் சுவருக்கு வெளியே எடுத்து, கிணற்றிலிருந்து எட்ட நின்ற வாழைப் பாத்திக்குத் திருப்பினோம்.

இப்போது காலையில் அவருக்கு வெந்நீர் வருகின்றது. கைப்பிடியும் நாற்காலியும் உள்ள அறையில், எவர் துணையும் இன்றி, கதவைச் சாத்திக்கொண்டு நீராடுகின்றார். விழுந்த நாளிலிருந்து மற்றவர் கையை எதிர்பார்த்திருந்த அவருக்கு, வெந்நீரைவிட அந்தச் சாத்திய கதவே பெரிய ஆறுதல் என்பதை நான் பின்னரே உணர்ந்தேன். இலண்டன் தம்பியோ ஒவ்வொரு ஞாயிறும் தாயின் நலம் கேட்டபின் தவறாமல் ஒன்று கேட்கின்றார்: "மூச்சுக்குழாய் திறந்துதானே கிடக்குது?"

இவ்வாண்டு வெந்நீர்க் கருவி பூட்ட எண்ணும் அன்பர்கள், கடையில் விலையைக் கேட்பதற்கு முன் தம் வீட்டில் மூன்று உயரங்களை அளந்துகொள்வார்களாக: குளிர்நீர்த் தாங்கியின் உயரம், வெந்நீர்த் தாங்கியின் உயரம், மூச்சுக்குழாயின் உயரம். இம்மூன்றும் முறையாக அமைந்தால் மிகுதியைச் சூரியன் பார்த்துக்கொள்வான்.